ஒன்றரை அடி

"அடியோட எடுக்க எவ்வளவு?" என்றார் பரநிருபசிங்கம்,
படலைக்குள் நான் கால் வைக்க முதலே.
சுண்டுக்குளியில் ஒழுங்கை முடிகிற வளவு.
இரண்டு பேர் கட்டிப்பிடிக்கிற பருமனில் வேம்பு,
மதிலைத் தாண்டி றெஜினா ரீச்சரின் கூரைக்கு மேல்
ஒரு கை.
அந்தக் கைதான் வழக்கு.

சுற்றி வந்தேன். மரச்சுத்தியலால் தட்டிப் பார்த்தேன்.
கோறை இல்லை, காளான் இல்லை, வேர் கிளம்பவில்லை.
"நல்ல மரம் ஐயா.
அந்தக் கொப்பையும் உள்ளுக்கை உரசுற நாலையும் எடுத்தால்
கார்த்திகைக் காத்து ஊடாலை போயிடும்."
"அப்ப மொட்டையா வெட்டிவிடும்."
"மொட்டையடிக்க வேறை ஆக்கள் இருக்கினம்.
நான் செய்யிறேல்லை."
மதிலைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார்,
பிறகு விலையைக் குறைக்கச் சொன்னார்.

காலை ஏழு மணி. கீழே கயிற்றில் நிரோசன்.
உயிர் மரத்தில் நான் ஆணிச் சப்பாத்துப் போடுவதில்லை;
கயிறு, இடுப்புவார், மிச்சத்துக்கு முழங்கால்.
கவட்டில் இருந்து பார்த்தால் யாழ்ப்பாணம்
தண்ணீர்த் தாங்கிகளின் ஊர்,
கறுப்பும் நீலமுமாய், கூரைக்கு ஒன்று.
அப்பால் ஒரு கீலம் கடல்.

கொப்பின் அடியில் முதல் வெட்டு, கால்வாசி ஆழம்.
ஒரு சாண் தள்ளி மேல்வெட்டு.
கொப்பு முறியும், பட்டை உரியாது.
கயிறு இறுகும், நிரோசன் பிடிப்பான்,
ரீச்சரின் ஓடு ஒன்றுகூட அறியாமல்
நூற்றைம்பது கிலோ தரைக்கு வரும்.
மிச்சக் கட்டையைக் கடைசியாக,
கொப்பும் கந்தும் சேரும் கழுத்து மடிப்புக்கு
வெளியே.
மடிப்பை வெட்டினவன் மரத்தை வெட்டினவன்.

"தம்பி, என்ர மல்லிகை!" என்று
மதிலுக்கு மேலால் ரீச்சர் இரண்டு தரம் எட்டினார்.
மூன்றாம் தரம் தேத்தண்ணி வேணுமோ என்றார்.

வெட்டுவாய்க்குப் பூசத் தார் வாளியோடு வந்தார் பரநிருபசிங்கம்.
வேண்டாம் என்றேன்.
"அப்ப எப்பிடி ஆறும்?"
"மரத்துக்குக் காயம் ஆறுறேல்லை ஐயா.
சுத்தி வளர்ந்து மூடும்.
உள்ளுக்கை அது அப்பிடியே கிடக்கும்."
அவர் வாளியை மற்றக் கைக்கு மாற்றினார்.

பின்னேரம் கடைசி வேலை.
அடிக்கந்தைச் சுற்றி நெஞ்சளவுக்குப் பற்றை கட்டிய தளிர்கள்,
யாரோ தெரிந்துகொண்டே விட்ட மாதிரி.
கைவாளால் எடுத்துக்கொண்டு வர
ஏழாவதிலோ எட்டாவதிலோ வாள் கிறீச்சிட்டது.

முள்ளுக்கம்பி.
பட்டைக்குள்ளிருந்து ஒரு விரல் நீளம்.
முழங்காலில் ஒன்று, இடுப்பில் ஒன்று, நெஞ்சில் ஒன்று.
மரத்தின் மற்றப் பக்கம் போனேன்:
அதே மூன்று, அதே உயரம்,
நடுவே வேம்பு விழுங்கிய வேலி.

வடக்கே ஒழுங்கையையும் தெற்கே பின்வளவையும்
நேராகக் காட்டிக்கொண்டு நின்றன கம்பிகள்.
மதில் நேரில் இல்லை. ரீச்சர் பக்கம் தள்ளி நிற்கிறது.
என் மெசின் அலகு பதினெட்டு அங்குலம்.
களைத்தவன் இறக்கி வைப்பதுபோல
கந்துக்கும் மதிலுக்கும் நடுவே கிடத்தினேன்.
இடம் மிஞ்சவில்லை.

நிரோசன் என்னைப் பார்த்தான்.
நான் தளிர்களைப் பார்த்தேன்.
விட்டால் சத்தை உறிஞ்சும்;
எடுப்பதாக விலைச்சீட்டில் எழுதியும் இருக்கிறேன்.
எடுத்தேன்.
கந்து வெளிச்சமாய் நின்றது.

"அதுகளைக் கொஞ்சம் விட்டிருக்கலாமே" என்றார் அவர்,
காசை எண்ணாமல் தந்தபடி.
நான் எண்ணினேன். ஐயாயிரம் கூட.
நிரோசனின் பங்கில் போட்டேன்.

குழைக்கு வந்த பெடியன்
சைக்கிள் மறையும்வரை கட்டினான், ஆடு எத்தனையோ.
லொறியை ஸ்டார்ட் பண்ண
மதிலுக்கு மேல் ரீச்சரின் தலை.

முதலில் கூரைக்கு மேல் புதிதாய் வந்த வானத்தைப் பார்த்தார்.
பிறகு கண் இறங்கியது,
கொப்பை நாங்கள் இறக்கிய
அதே வேகத்தில்.